நடந்து பெற்ற உரிமை

பேருந்தில் ஏறிக் காலியான இருக்கையில் அமர்வது இன்றைய இளைஞருக்கு ஒரு பொருட்டே அன்று. ஆனால் அந்த இருக்கையின் பொருட்டு ஒரு நகரத்து மக்கள் 381 நாட்கள் நடந்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத் தலைநகராகிய மாண்ட்கோமரியில் நடந்த அந்த வரலாற்றை, வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அந்நகரப் பேருந்துகளில் சென்றோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்களே. ஆயினும் முன்பக்கத்து 10 இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. அவர்கள் ஏறாவிடினும் அவை காலியாகவே செல்லும். நடுப்பகுதியில் கறுப்பர் அமரலாம். ஒரு வெள்ளையர் இடமின்றி நின்றால் அவ்வரிசையினர் அனைவரும் எழுந்துவிட வேண்டும். முன்வாயிலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் பின்வாயில் வழியாக ஏறும்படி செய்வதும் வழக்கம். காசை வாங்கிக்கொண்டு, அவர்கள் பின்வாயிலை அடையுமுன் வண்டியை ஓட்டிச்சென்ற ஓட்டுநர்களும் உண்டு. தீண்டாமை என்ற சொல் அங்கு இல்லை; பொருள் இருந்தது.

1955 மார்ச் 2 அன்று கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி எழுந்து இடந்தர மறுத்துக் கைது செய்யப்பட்டாள். அவள் சிறுமி, ஏழை என்பதால், அவளை முன்னிறுத்திப் போராடத் தலைவர்கள் தயங்கினர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற 42 வயதுத் தையற்பெண்மணி எழ மறுத்தார். வரிசையில் உடனிருந்த மூவர் எழுந்தனர், அவர் எழவில்லை. களைப்பினால் அமர்ந்துவிட்டார் என்று சிலர் எழுதுவது பிழை. பல்லாண்டுகள் உரிமை இயக்கத்தில் செயலாளராக உழைத்தவர் அவர்.

அவர் கைதான செய்தியை நகர மக்கள் அனைவருக்கும் கொண்டு சேர்த்தவர் ஓர் ஆசிரியை என்பதைப் பெருமையுடன் குறிப்பிடுகிறேன். ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி. ஓராண்டுக்கு முன்பே, 1954 மே மாதத்தில், பேருந்துப் புறக்கணிப்பு நேரலாம் என நகரத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தவர். அன்றிரவே கல்லூரியின் படியெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய அச்சிட்டார். உடனிருந்து உதவியவர்களில் இரு மாணவர்களும் உண்டு. திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்பதே செய்தி. மறுநாள் பள்ளிகள் வழியாகவும் கடைகள் வழியாகவும் அது வீடுதோறும் சென்றது.

டிசம்பர் 5 திங்களன்று பேருந்துகள் பெரும்பாலும் வெறுமையாக ஓடின. அன்று மாலை தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். 26 வயது இளைஞராகிய மார்ட்டின் லூதர் கிங் புதிய சங்கத்தின் தலைவரானார். முதலில் அவர்கள் கேட்டது மிகச் சிறிது: மரியாதையான நடத்தை, முதலில் வந்தவருக்கு முதலிடம், கறுப்பர் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர். அதுவும் மறுக்கப்பட்டது.

உணர்ச்சியால் ஒருநாள் நடக்கலாம். ஓராண்டு நடப்பதற்கு அமைப்பு வேண்டும். வாடகைக் கார் ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமாகிய 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினர். சட்டப்படி 45 சென்ட் வாங்கவேண்டும் என நகராட்சி தடுத்தது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தோர் முன்வந்தனர். ஏறத்தாழ 300 கார்கள் குறிப்பிட்ட இடங்களில், குறித்த நேரத்தில் மக்களை ஏற்றிச் சென்றன. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி, தோழியரோடு உணவும் இனிப்பும் செய்து விற்றுப் பணம் திரட்டினார். வாரந்தோறும் நடந்த கூட்டங்களில் கணக்கும் செய்தியும் மக்கள்முன் வைக்கப்பட்டன. ஏனையோர் நடந்தனர்.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. 1956 ஜனவரி 30 அன்று கிங் வீட்டில் குண்டு வீசப்பட்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தேடியெடுத்துச் சுமார் 90 பேர்மீது குற்றஞ்சாட்டினர். மக்கள் கலையவில்லை. இதற்கிடையே நான்கு பெண்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்களில் ஒருத்தி, முன்பு ஒதுக்கப்பட்ட கிளாடெட் கால்வின். 1956 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம், பேருந்தில் இனம் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது.

இனிச் சொல்வது மிக முக்கியம். வெற்றி பெற்றபின் அவர்கள் ஆரவாரம் செய்யவில்லை. நாற்காலிகளைப் பேருந்து இருக்கைகள்போல் வரிசையாக இட்டு, வெள்ளையராகச் சிலரும் கறுப்பராகச் சிலரும் நடித்துப் பயிற்சி பெற்றனர். இது நம் இனத்தின் வெற்றி எனத் தருக்க வேண்டா, ஏசினால் திருப்பி ஏச வேண்டா, அடித்தால் திருப்பி அடிக்க வேண்டா என்று அச்சிட்ட அறிவுரை வழங்கப்பட்டது. டிசம்பர் 21 அன்று மக்கள் மீண்டும் பேருந்தில் ஏறினர். அதன்பின்னும் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. சட்டம் மாறிய அன்றே மனம் மாறிவிடுவதில்லை என்பதை நாமும் அறிவோம்.

1959ஆம் ஆண்டு கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றில், அதன் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாத தோழர் என்று அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டார், மனத்தாங்கலும் கொண்டார். பின்னர்த் தம் நாட்டில் வறுமையில் உழலும் தம் மக்களை எண்ணி, அது உண்மையே என ஏற்றுக்கொண்டார். இதனை 1965ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில் அவரே கூறினார்.

இளைஞர்களே! ரோசா பார்க்ஸை உலகம் போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். ஆனால் கால்வின் மீதிருந்த பழைய வழக்குப் பதிவை நீதிமன்றம் நீக்கியது 2021ஆம் ஆண்டில்தான். 66 ஆண்டுகள் கழித்து! நம் ஊர்களிலும் முதலில் எதிர்த்து நின்று, பெயர் பதியப்படாமலே போனவர்கள் உண்டு. தேநீர்க் கடையில், கோயில் வாசலில், பள்ளிக்கூடத் திண்ணையில் முதற்குரல் எழுப்பியவர் யார் என உங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நம் சங்க நூலகத்தில் சேர்த்து வையுங்கள். சங்கத்தின் பொன்விழா மலருக்கு அதைவிடச் சிறந்த கட்டுரை வேறு இராது.