ஒரு தரம், இரண்டு தரம்

நான் எழுதுகிற மேஜை ஏலத்தில் எடுத்தது. சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணா சாலைப் பக்கம் போனவன், மழைக்காக ஓர் ஏலக் கூடத்தில் ஒதுங்கினேன். மழை விட்டபோது மேஜையோடு வெளியே வந்தேன். நல்ல தேக்கு. கால்களில் ஒன்று மட்டும் சற்றுக் குட்டை. அட்டையை மடித்து அண்டை கொடுத்திருக்கிறேன். இழுப்பறையின் உட்புறத்தில் யாரோ ஒரு குழந்தை ஆணியால் கீறிய கூட்டல் கணக்கு ஒன்று இருக்கிறது. ஏழும் எட்டும் பதினாறு என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கைத் திருத்த எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

யார் வீட்டு மேஜை அது? ஏலக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏலத்தில் சாமானுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. பெயரைச் சொன்னால் வாங்குகிறவனுக்குக் கை கூசும் என்று எண்ணினார்களோ என்னவோ! இப்படி ஊரார் வீட்டுச் சாமானை ஊர் பேர் தெரியாமல் கூவி விற்கும் வழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று கொஞ்ச நாள் தேடிப் படித்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'ஏலம்' என்று நமக்கு இரண்டு உண்டு. பாயசத்தில் போடுகிற ஏலம் நம் மலையில் விளைவது. மற்ற ஏலம் கடல் தாண்டி வந்தது. போர்ச்சுகீசிய மொழியில் 'லெய்லாவ்' என்று ஒரு சொல். அரபு மொழியிலிருந்து அவர்களிடம் போனது. 'அறிவித்தல்' என்பது அதன் அடிப்படைப் பொருள். வடக்கே போய் 'நீலாம்' ஆயிற்று; நம்மிடம் வந்து 'ஏலம்' ஆயிற்று. போடிநாயக்கனூரில் ஏலத்தையே ஏலம் போடுகிறார்கள் என்றால் தமிழ் தெரியாதவனுக்குத் தலை சுற்றும்.

சொல் வெளியூர்ச் சரக்கானாலும், விற்பதை ஊரறியச் சொல்லி விற்பது நமக்குப் புதிதல்ல. நிலத்தை விற்கிறேன், கொள்வார் உண்டா என்று கேட்டு, விலை பொருந்தி, விற்றுக் கொடுத்ததாகச் சொல்லும் வாசகங்கள் நம் பழைய கல்வெட்டுகளில் வருகின்றன. ஆனால் அது நிலம். அண்டாவையும் கட்டிலையும் தெருவில் பரப்பி விலை கூறிய செய்தி எதுவும் நான் படித்த கல்வெட்டுகளில் கண்ணில் படவில்லை.

அந்தக் காட்சியைச் சென்னைக்குக் கொண்டு வந்தவர்கள் கோட்டைக்காரர்கள். கும்பினி உத்தியோகஸ்தன் ஒருவன் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஜுரம் கண்டு இறந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுகள் சீமையில் இருக்கிறார்கள். கப்பல் போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மாதம். கட்டிலையும் நாற்காலியையும் கப்பலில் ஏற்றினால் கூலி சாமானின் விலையை விழுங்கிவிடும். பணமானால் உண்டியலாக, ஒரு காகிதத்தில் போய்விடும். ஆகவே இறந்தவனுடைய சாமான்களைக் கணக்கெடுத்து, கோட்டையிலேயே கூவி விற்றார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'அவுட்கிரை' என்றே பெயர். கூக்குரல் என்று அர்த்தம். இறந்தவன் வீட்டில் அழுவதற்கு ஆள் இல்லாத குறையை ஏலக்காரனின் கூக்குரல் தீர்த்து வைத்தது போலும்!

அப்படி எடுத்த கணக்குகள் பலவற்றின் பிரதிகள் லண்டனுக்குப் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கொசுவலை எத்தனை, சட்டை எத்தனை, மதுப்புட்டி எத்தனை, எதை யார் என்ன விலைக்கு எடுத்தார் என்று வரி வரியாக இருக்கும். பெரிய மனிதர்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகம் உண்டு; ஒரு சாதாரண குமாஸ்தா எப்படிக் குடித்தனம் நடத்தினான் என்பதற்கு இந்த ஏலப் பட்டியல்தான் சரித்திரம்.

அந்தக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பெயரால்தான் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1718-ல் அவர் அந்தக் கல்லூரிக்கு ரொக்கமாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அதற்குத்தான் அந்தப் பெயர். 1721-ல் அவர் இறந்தார். அதன் பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த சாமான்களும் லண்டனில் பல தவணைகளாக ஏலம் போயின. கவர்னரானாலும் கடைசியில் கூக்குரல்தான்.

ஏலத்தை எந்த இடத்தில் முடிப்பது என்பது ஒரு பிரச்னை. நமக்கு மூன்று தரம் என்று கணக்கு. அந்தக் காலத்து லண்டனில் ஓர் அங்குல மெழுகுவத்தியை ஏற்றி வைப்பார்கள். அது அணைகிற நொடிக்கு முன்னால் கடைசியாகக் கேட்டவனுக்குச் சரக்கு. சாமுவேல் பெப்பீஸ் என்ற உத்தியோகஸ்தர் 1662-ல் தம் நாட்குறிப்பில் ஒரு கெட்டிக்காரனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கடைசி விலை அவனுடையதாகவே இருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ் நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்கிறேன் என்றானாம். மற்றவர்கள் சரக்கைப் பார்த்தார்கள். அவன் புகையைப் பார்த்தான்.

1766 டிசம்பர் 5-ம் தேதி ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் லண்டனில் தம் முதல் ஏலத்தை நடத்தினார். இன்று கோடிக்கணக்கில் ஓவியங்களை விற்கிற கிறிஸ்டி கம்பெனி அன்று விற்றது, இறந்துபோன ஒரு பிரபுவின் வீட்டுச் சாமான்களும் பீங்கானும் மதுவும்தான்.

சென்னையில் இறந்தவர் சாமான் ஏலம், பிறகு ஊர் திரும்புகிறவர் சாமான் ஏலமாகவும் ஆயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, பீரோவையும் பியானோவையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு ரயிலேறியவர்கள் பலர். 1947-ஐ ஒட்டி வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவர்களுடைய சாப்பாட்டு மேஜைகள் நம் வீடுகளுக்கு வந்தன. இவையெல்லாம் போகிறவர் சம்மதித்து நடந்த ஏலங்கள். வாங்கினவர்களுக்குச் சந்தோஷம், விற்றவர்களுக்கும் பெரிய அவமானம் இல்லை.

நம்மவர்கள் ஏலம் என்ற சொல்லைக் கேட்டு நடுங்கியதற்குக் காரணம் வேறு. அதற்கு ஜப்தி என்று பெயர்.

1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். நாவல் படிக்கிறவர்களுக்கு அது ருசிக்காது என்று நினைக்க வேண்டாம். அதில் 60-வது பிரிவு, கடன்காரனிடமிருந்து எதை எடுக்கக்கூடாது என்று சொல்லுகிறது. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அவசியமான உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, அதாவது நம் வீடுகளில் தாலி, தொழிலாளியின் கருவிகள், விவசாயிக்கு ஏர், மாடு, விதை நெல். கணக்குப் புத்தகத்தையும் எடுக்கக்கூடாது! 62-வது பிரிவின்படி, அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் அமீனா வீட்டுக்குள் நுழையக்கூடாது. குடும்பம் என்றால் குறைந்தபட்சம் என்ன என்று சர்க்கார் போட்ட கணக்கு இது. மோசமான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஊஞ்சல் கிடையாது.

நான் ஆறாவது படித்தபோது எங்கள் எதிர்வீட்டுப் பெரியப்பா, மைத்துனனுடைய புரோநோட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். உறவில் பெரியப்பா இல்லை, தெருவில் பெரியப்பா. ஒரு நாள் காலையில் அமீனா வந்து, பீரோ, குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், கூடத்து ஊஞ்சல் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டுபோய்ச் சாவடியில் வைத்துப் பூட்டினார். ஊஞ்சல் ஒற்றைப் பலகைத் தேக்கு. பித்தளைச் சங்கிலி. பெரியம்மா சாயங்காலத்தில் அதில் உட்கார்ந்துகொண்டுதான் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவாள். அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் நடுவில் அப்போது பதினைந்து நாள் விடவேண்டும். (1976-ல் அதை ஏழாகக் குறைத்துவிட்டார்கள்.) தண்டோராக்காரன் எங்கள் தெருவில் நின்றுதான் தமுக்கடித்தான். பெரியம்மா அன்று வாசற் கதவைச் சாத்தினாள்.

ஏலத்தன்று தெருவில் எவரும் விலை கேட்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் டவுனிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். பீரோவும் கடிகாரமும் அவருக்குப் போயின. ஊஞ்சலுக்கு அவர் பத்து ரூபாய் என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து, "பதினொண்ணு" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா.

"பதினொண்ணு, ஒரு தரம். பதினொண்ணு, ரெண்டு தரம்..."

வியாபாரி, உள்ளூர்க்காரரோடு எதற்குப் போட்டி என்று விட்டுவிட்டார். மூன்றாம் தரமும் ஆயிற்று.

பலகை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அவங்க வீட்டு ஊஞ்சலை நாம மாட்டறதா?"

"மாட்ட வேண்டாம். வெளி ஆள் கையிலே போகாம எடுத்து வெச்சேன். அண்ணன் எப்போ வேணுமோ எடுத்துக்கட்டும்" என்றார் அப்பா.

எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆளனுப்பியதற்கு, பெரியப்பாவே திண்ணை வரையில் வந்தார். "நீ எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும் தம்பி. சும்மா வாங்கிக்க மனசு வரலே. குடுத்து வாங்கப் பணம் இல்லே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பலகை நெல் அறையில் சாத்தி வைத்தபடி நாலு வருஷம் இருந்தது. அக்கா கல்யாணத்தில் ஊஞ்சலுக்கு வேண்டும் என்று வெளியே எடுத்தார்கள். பிறகு அது கூடத்திலேயே தங்கிவிட்டது. பெரியம்மா கல்யாணத்துக்கு வந்தாள், பெண்ணுக்கு ஆசீர்வாதம் செய்தாள், பந்தலில் சாப்பிட்டாள். கூடத்துக்குள் மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் திண்ணையோடு சரி.

பெரியம்மாவுக்கு ஏன் அத்தனை வீம்பு என்று வெகு நாள் எனக்குக் கோபம் இருந்தது. அப்பா செய்தது உபகாரம்தானே? பல வருஷம் கழித்து ஆங்கிலேயக் கடற்படையின் பழைய வழக்கம் ஒன்றைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு வேறு மாதிரி தோன்றிற்று. கப்பலில் ஒரு மாலுமி இறந்தால், அவனுடைய துணிமணிகளைப் பாய்மரத்தடியில் வைத்து ஏலம் போடுவார்கள். கூடப் பணி செய்தவர்கள் வேண்டுமென்றே விலையை ஏற்றுவார்கள். கந்தல் சட்டைக்குப் புதுச் சட்டை விலை போகும். சில சமயம், வாங்கினவன் அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் போடச் சொல்லுவான். பணம் விதவைக்குப் போகிறதல்லவா?

ஜப்தியிலும் அப்படித்தான். ஏலத்தில் விழுகிற ஒவ்வொரு ரூபாயும் கடனில் கழிகிறது. அந்தப் பலகையும் சங்கிலியும் அன்று அறுபது ரூபாய்க்குக் குறையாமல் பெறும். அப்பா அறுபது கேட்டிருந்தால் பெரியப்பாவின் கடனில் அறுபது கழிந்திருக்கும். பதினொன்றுக்கு எடுத்தார். வியாபாரியைவிட ஒரு ரூபாய் அதிகம். அவர் மனத்தில் கல்மிஷம் இல்லை. அது எனக்குத் தெரியும். அறுபது ரூபாய் அவரிடம் அப்போது இருந்ததா என்பதும் சந்தேகம். ஆனால் தெருவார் எல்லாரும் விலை கேட்காமல் இருப்பது மரியாதை என்று நினைத்தோமே, அந்த மரியாதைதான் அந்தக் குடும்பத்தின் சாமானைச் சல்லி விலைக்கு இறக்கிவிட்டது. இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பெரியம்மா யோசித்திருப்பாள். சாயங்காலங்களில் உட்கார ஊஞ்சல் இல்லாத கூடத்தில், யோசிக்க அவளுக்கு நிறைய நேரம் இருந்திருக்கும்.

பெரியப்பா பிறகு கடனை அடைத்தார். பதினொரு ரூபாயை அப்பாவிடம் கொடுத்து ஊஞ்சலை மீட்கலாம் என்ற நிலைமையும் வந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசாமலே காலமாகிவிட்டார்கள்.

என் மேஜைக்கு வருகிறேன். அன்று மழையினால் ஏலக் கூடத்தில் ஆளே இல்லை. எனக்கு எதிராகக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் இரண்டாம் தரத்தில் தலையை ஆட்டிவிட்டார். சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் விலையைச் சொல்லி, "எவ்வளவு மலிவு பார்த்தாயா?" என்றேன். அவள் இழுப்பறையைத் திறந்து அந்தக் கூட்டல் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

"பாவம், யார் வீட்டுதோ?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த மேஜையின் விலையை நான் யாரிடமும் சொல்லிப் பெருமைப்படுவதில்லை.