வழிச்செலவும் வருமான வரியும்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்களின் கையை அடையும் பணம் எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. சம்பளம் உழைப்பின் பயன், அது நம்முடையது. அலுவல் காரணமாகப் பாட்னாவுக்கோ தில்லிக்கோ சென்றுவரக் கொடுக்கப்படும் பிரயாணப்படியும் அத்தகையதா? ஒரு கையால் வாங்கி மறு கையால் ரயிலுக்கும் விடுதிக்கும் கொடுத்துவிடும் தொகையை வருமானம் எனலாமா? அன்றெனின், விடுப்பில் சொந்த ஊர் சென்று மீள முதலாளி தரும் கட்டணத்தை என்னென்பது? இவ்வினாக்களுக்கு விடைகாண நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் முயன்று வந்திருக்கிறது. அவ்வரலாற்றின் தொடக்கம் கல்கத்தாவில் என்பது இந்நகரில் வாழும் தமிழர் அறியத்தக்கது.

1857-ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின் அரசாங்கக் கருவூலம் வறண்டு கிடந்தது. அதனைச் சீர்செய்ய இங்கிலாந்திலிருந்து வந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன், 1860 பிப்ரவரி 18-இல் கல்கத்தாவில் வருமான வரித் திட்டத்தை முன்வைத்தார். ஜூலை 24-இல் அது சட்டமாயிற்று. நிலம், தொழில், கடன் பத்திரம், சம்பளம் என வருமானம் நால்வகையாகப் பகுக்கப்பட்டது. அந்நாளில் சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இவ்வரியை வெளிப்படையாக எதிர்த்தார். அதன் விளைவாகப் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனோ சட்டம் பிறந்த மூன்று வாரங்களுக்குள் கல்கத்தாவிலேயே நோயுற்று மாண்டார். எதிர்த்த டிரெவெல்யனே பின்னர் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்தார் என்பது வரலாற்றின் விந்தை. 1865-இல் மறைந்த அவ்வரி, 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நிலைபெற்றது.

பிரயாணப்படியைப் பற்றிய தெளிவை 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காண்கிறோம். உத்தியோகக் கடமையைச் செய்வதில் முழுமையாகவும் அவசியமாகவும் நேரும் செலவுக்கென்றே கொடுக்கப்படும் தனிப்படிக்கு அது வரிவிலக்கு அளித்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தழுவியது. உண்மையில் செலவான அளவுக்கே விலக்கு உண்டு என வரம்பும் கட்டியது. சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே: இப்பயணம் வேலைக்காகவா, வேலை செய்பவருக்காகவா?

வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் பயணம் எவ்வகையைச் சார்ந்தது? இங்கிலாந்தில் இவ்வினா பிரபுக்கள் சபை வரை சென்றது. லண்டனில் வசித்துப் போர்ட்ஸ்மத்தில் நீதிபதிப் பொறுப்பு வகித்த ஒரு வழக்கறிஞர், தம் ரயில் கட்டணத்தைக் கழிக்க வேண்டினார். லண்டனில் வாழ்வது அவர் விருப்பமேயன்றிப் பதவியின் தேவையன்று எனக் கூறி அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. நம் நாட்டில் 1997 முதல் மாதம் 800 ரூபாய் வரையிலும், 2015 முதல் 1,600 ரூபாய் வரையிலும் போக்குவரத்துப்படிக்கு விலக்கு இருந்தது. 2018-இல் அது பொதுவாக நீக்கப்பட்டு, மாற்றுத் திறனாளிகளுக்கு மட்டும் தொடர்ந்தது. மற்றையோர்க்கு, மருத்துவச் செலவுச் சலுகையையும் உள்ளடக்கி, 40,000 ரூபாய் நிலையான கழிவு வந்தது.

இனி, நேயர்களின் நெஞ்சுக்கு நெருங்கிய பயணத்துக்கு வருவோம். 1924-இல் லீ பிரபுவின் கமிஷன், இந்தியாவில் பணிபுரிந்த ஐரோப்பிய அதிகாரிகள் தாயகம் சென்று மீளக் கப்பற் கட்டணம் வழங்கப் பரிந்துரைத்தது. ஆனால் சென்னையிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு அப்பால், கல்கத்தாவில் கோப்பு எழுதிய குமாஸ்தாவுக்கும் தாயகம் உண்டன்றோ? விடுதலைக்குப் பின், 1956 அக்டோபரில், மத்திய அரசு தன் ஊழியர்க்குச் சொந்த ஊர் செல்லும் விடுப்புப் பயணச் சலுகையை ஏற்படுத்தியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த மாவட்டத்துக்குச் செல்ல முதலாளி தரும் இத்தகைய உதவிக்கு வரிவிலக்கு அளித்தது. பின்னர் அவ்விலக்கு இந்தியாவின் எவ்விடத்துக்கும் விரிந்தது. வேலைக்காக அல்லாது வேலை செய்பவருக்காகவே அமைந்த பயணத்தையும் சட்டம் மதித்தது இங்கேதான்.

அம்மதிப்புக்கும் எல்லை உண்டு. நான்கு ஆண்டுத் தொகுதியில் இரு பயணங்களுக்கே விலக்கு. கட்டணம் மட்டுமே சேரும், உணவும் விடுதியும் சேரா. வெளிநாடு சுற்றி வந்த பயணத்துக்கு இது பொருந்தாதென்று பாரத ஸ்டேட் வங்கி வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2020-இல் அறிமுகமாகி, 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாக்கப்பட்ட புதிய வரிமுறையில், வரி விகிதம் குறைவு. அலுவற் பயணத்துக்கும் இடமாற்றத்துக்கும் தரும் படிகளுக்கு அங்கும் விலக்கு உண்டு. விடுப்புப் பயணச் சலுகைக்கோ இல்லை. அதனை வேண்டுவோர் பழைய முறையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

ஆகவே, ஊர்ப் பயணம் மேற்கொள்ளும் ஆண்டில் இரு முறைகளிலும் வரியைக் கணக்கிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. பயணச் சீட்டைப் பத்திரப்படுத்துவதும் நன்று. வேலையின் வழிச்செலவு வருமானமன்று என்பதில் சட்டம் நெடுநாளாக உறுதி காட்டுகிறது. ஊர் திரும்பும் வழிச்செலவோ, நாடு தன் உழைப்பாளிக்குக் காட்டிய பரிவால் பெற்ற சலுகை. அப்பரிவு இன்று நாமே கணக்கிட்டுக் கேட்டுப் பெறவேண்டியதாக மாறியிருக்கிறது.