‘ஃபால்ஸ்’ என்றெழுதியும் திறவாத பொத்தான்

வலைப்படிவத்தின் பொத்தானில் ‘டிசேபிள்டு’ என்னும் பண்புக்கூற்றை இட்டு, அதற்கு மேற்கோள்குறிக்குள் ‘ஃபால்ஸ்’ என்று மதிப்பும் கொடுத்தால், அப்பொத்தான் முடங்கியே கிடக்கும். ‘முடக்காதே’ என்று எழுதியவனிடம் உலாவி ‘முடக்கு’ என்றே படித்துக்காட்டுகிறது. முன்முக நிரலாக்கம் கற்ற எவரும் ஏதேனும் ஒரு மாலைப்பொழுதையாவது இதனிடம் இழந்திருப்பர். எச்டிஎம்எல்லின் விந்தைகளுள் ஒன்று என இதை ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். விந்தை ஏதும் இதில் இல்லை. இருப்பது ஓர் இலக்கண வரலாறு.

அவ்வரலாறு 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்னும் தரநிலையாக வெளிவந்த எஸ்ஜிஎம்எல்லில் தொடங்குகிறது. சார்லஸ் கோல்ட்ஃபார்ப் முன்னின்று உருவாக்கிய அந்தக் குறியீட்டு மொழியில், ஒரு பண்புக்கூறு ஏற்கத்தக்க மதிப்புகளைப் பட்டியலாக முன்கூட்டியே அறிவிக்கலாம். அப்படிப் பட்டியலிடப்பட்ட மதிப்பை எழுதும்போது பண்புக்கூற்றின் பெயரையும் சமக்குறியையும் விட்டுவிட இடமுண்டு. மதிப்பைக் கண்டே பெயரை உணர்ந்துகொள்ளலாம். கையால் தட்டச்சு செய்தோரின் உழைப்பைச் சுருக்க வந்த தொகை இது.

1999 டிசம்பரில் வெளியான எச்டிஎம்எல் 4.01, எஸ்ஜிஎம்எல்லின் ஒரு பயன்பாடாகவே வரையறுக்கப்பட்டது. அதில் ‘செக்டு’ என்னும் பண்புக்கூறு ஏற்கும் மதிப்பு ஒன்றே ஒன்று. அதுவும் ‘செக்டு’ என்பதே. ஆகவே முழுவடிவம் ‘செக்டு’ சமம் ‘செக்டு’. சுருங்கிய வடிவில் ஒரு ‘செக்டு’ எஞ்சுகிறது. எஞ்சியது இரண்டில் எது? பெயர் நிற்க மதிப்பு மறைந்தது என்றே இன்று எல்லோரும் சொல்வர். விதிப்படி நடந்தது இதற்கு நேர்மாறு: பெயர் தொக்கது, மதிப்பு நின்றது.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதற்கு எச்டிஎம்எல் 4.01இன் அட்டவணைப் பகுதியே சான்று. அட்டவணைக் குறிச்சொல்லில் ‘பார்டர்’ என்று மட்டும் எழுதினால், அதை ‘ஃபிரேம்’ என்னும் வேறொரு பண்புக்கூற்றின் மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. ‘பார்டர்’ என்ற பெயரிலேயே ஒரு பண்புக்கூறு இருந்தும், தனித்து நிற்கும் அச்சொல் பெயராகாமல் மதிப்பாகிறது!

உலாவிகளோ எஸ்ஜிஎம்எல்லை முழுமையாக ஒருபோதும் பகுத்துப் படித்தவை அல்ல. அவற்றின் கண்ணுக்குக் குறிச்சொல்லுக்குள் தனித்து நின்ற சொல், மதிப்பற்ற பெயராகவே பட்டது. 1995 நவம்பரில் வந்த எச்டிஎம்எல் 2.0 ஆவணத்திலேயே, சில பழைய செயலாக்கங்களுக்குச் சுருக்கவடிவம் மட்டுமே விளங்கும் என்ற குறிப்பு காணப்படுகிறது. தொகையிலிருந்து விரி பிறந்ததாக எண்ணும் நிலை அப்போதே வந்துவிட்டது. சொல்லின் உள்ளெல்லையைக் கேட்போர் மாற்றிப் பகுத்துக்கொள்வதை மொழியியலார் மறுபகுப்பு என்பர்; ஆங்கிலத்தில் ‘எ நேப்ரன்’ என்பது ‘ஆன் ஏப்ரன்’ ஆனது பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. இங்குக் கேட்டுப் பிழைத்தது இயந்திரம். 2000 ஜனவரியில் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 சுருக்கத்தை விலக்கி முழுவடிவையே எழுதுமாறு கோரியது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. எச்டிஎம்எல் 5 பிழையையே விதியாக்கியது. பண்புக்கூறு இருந்தால் மெய், இல்லாவிட்டால் பொய். மதிப்பு வெற்றுச்சரமாகவோ அதன் பெயராகவோ இருக்கலாம். ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ இரண்டும் செல்லா.

நிகோலாய் ட்ரூபெட்ஸ்கோய் ஒலியன்களை ஆராய்ந்தபோது, ஓர் அடையாளத்தின் இருப்பும் இன்மையுமே எதிர்நிலைகளாக அமைவதைத் தனிவகையாகப் பிரித்துக்காட்டினார். எச்டிஎம்எல்லின் பூலியன் அவ்வகையைச் சேர்ந்தது. பழந்தமிழ்ச் ‘செய்யேன்’ என்பதில் மறுப்புக்கெனத் தனியுருபு கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிர்மறை ஆகாரம் புணர்ந்து கெட்டது என்பர் மரபிலக்கணத்தார். இன்மையும் பேசும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. இத்தகைய மொழியில் இயல்பான நிலைக்கு அடையாளம் இராது. பிறழ்ந்த நிலைக்கே பெயர் வேண்டும். ‘எனேபிள்டு’ என்றொரு பண்புக்கூறு இன்றி ‘டிசேபிள்டு’ மட்டும் இருப்பதும், ‘நோவேலிடேட்’ என எதிர்மறையாகவே பெயர்கள் பிறப்பதும் இதனாலேயே.

ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணம் வேறு. அங்கு மெய்யும் பொய்யும் இரண்டுமே சொல்லப்படும் மதிப்புகள். 1998இன் டிஓஎம் முதல்நிலைத் தரநிலை ‘டிசேபிள்டு’ என்பதை இருமதிப்புப் பண்பாக ஜாவாஸ்கிரிப்டிடம் ஒப்படைத்தது. அன்றுமுதல் ஒரே பெயர் இரு இலக்கணங்களில் வாழ்கிறது. 2011 மே மாதம் வந்த ஜேகுவெரி 1.6 இவ்விரண்டையும் வேறுவேறு முறைகளாகப் பிரித்தது. பழைய நிரல்கள் உடைந்தன. அதே மாதத்தில் 1.6.1 சற்றே பின்வாங்கியது.

2013இல் ரியாக்ட் வெளியானபின் இந்த எல்லை ஒவ்வொரு கம்போனென்ட்டின் வாயிலுக்கும் வந்துசேர்ந்தது. மதிப்பின்றி எழுதிய பெயரை ஜேஎஸ்எக்ஸ் மெய் என்று கொள்கிறது. எச்டிஎம்எல்லை ஒத்திருக்கவே அவ்வாறு. ஆனால் எச்டிஎம்எல்லில் மெய்யாகும் வெற்றுச்சரம், ஜாவாஸ்கிரிப்டில் பொய்யாதலால் ரியாக்ட்டிலும் பொய். ஆங்குலரின் ‘பூலியன் ஆட்ரிபியூட்’ என்னும் மாற்றி வெற்றுச்சரத்தை மெய்யாக்கி, ‘ஃபால்ஸ்’ என்ற சரத்தையோ பொய்யாக்குகிறது. பிழைபொறுக்கும் கருணைதான், எனினும் எச்டிஎம்எல் தரநிலைக்கு நேர்முரண். வ்யூவில் பூலியன் என அறிவித்த பண்பு வராதுபோனால், மதிப்பு அறியப்படாதது எனக் கொள்ளாமல் பொய் என்றே கொள்ளப்படும். மூன்று ஃபிரேம்வொர்க்குகள் ஒரு மௌனத்தை மூன்று விதமாகப் படிக்கின்றன.

இதன் விலையைத் திரைவாசிப்பான் கொண்டு வலையைப் பயன்படுத்துவோரே பெரிதும் செலுத்துகின்றனர். ‘ஏரியா-பிரெஸ்டு’ என்னும் பண்புக்கூற்றில் இன்மையும் பொய்யும் ஒன்றல்ல: ‘ஃபால்ஸ்’ என்றால் அழுத்தி நிறுத்தத்தக்க பொத்தான் இன்னும் அழுத்தப்படவில்லை, பண்புக்கூறே இல்லையென்றால் அது அவ்வகைப் பொத்தானே அன்று. வ்யூ 2 பொய்யைப் பெற்றதும் இத்தகைய பண்புக்கூற்றையே நீக்கிவந்தது. 2020இன் வ்யூ 3 அதை மாற்றி ‘ஃபால்ஸ்’ என எழுதத் தொடங்கியது.

‘இனர்ட்’ பட்டபாடு இன்னும் நுட்பமானது. உரையாடற்பெட்டி திறந்திருக்கையில் பின்புலத்தைக் குவியத்திலிருந்தும் திரைவாசிப்பானிலிருந்தும் விலக்குவது அதன் பணி. ரியாக்ட் 18க்கு அப்பண்புக்கூறு தெரியாது. மெய்யைக் கொடுத்தால் கைவிட்டுவிடும். எனவே நிரலாளர்கள் வெற்றுச்சரத்தைக் கொடுத்து வேலையை முடித்தனர். எச்டிஎம்எல் இலக்கணப்படி அது முற்றிலும் சரியே. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 ‘இனர்ட்’டைப் பூலியனாக ஏற்றுக்கொண்டது, அன்றே அந்த வெற்றுச்சரம் பொய்யாக மாறியது. ஓரெழுத்தும் மாறாத நிரல், பதிப்பை உயர்த்தியதும் எதிர்ப்பொருள் தரத் தொடங்கியது. எச்சரிக்கை உருவாக்கநிலையில் மட்டுமே தோன்றும். பயனரைச் சேரும் பதிப்பில் பண்புக்கூறு ஓசையின்றி நீங்கிவிட, திறந்த பெட்டிக்குப் பின்னால் மறைந்துகிடக்கும் இணைப்புகளைத் திரைவாசிப்பான் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கும்.