பம்பாய் ஆலையின் மின்விளக்கும் படுக்கையோர விளக்கும்

படுக்கையோரத்தில் வைக்கப்படும் ‘ஸ்மார்ட்’ விளக்கு செய்யும் வேலை எளியது. இரவில் அதன் வெண்மை மெல்ல மஞ்சளாகிப் பின்னர் செம்மஞ்சளாகி, அரைமணி நேரத்தில் அணைகிறது. காலையில், எழவேண்டிய நேரத்திற்கு இருபது முப்பது நிமிடம் முன்பே மங்கிய செம்மையில் தொடங்கிப் படிப்படியாக ஒளி கூட்டி, உறங்குபவரை எழுப்புகிறது. அந்தியையும் வைகறையையும் அறைக்குள் நடித்துக் காட்டும் கருவி அது. ஞாயிறு நாள்தோறும் விலையின்றிச் செய்யும் பணிக்கு இப்படியொரு கருவி ஏன் தேவைப்பட்டது? மின்விளக்கு வந்தது, இரவு சுருங்கியது, உறக்கம் கெட்டது என்று எடிசனில் தொடங்கி விடை சொல்வது வழக்கம். இந்தியாவைப் பொறுத்தவரை அவ்விடை போதாது. இங்கே பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மின்விளக்கு பருத்தி ஆலைக்குள் நுழைந்துவிட்டது.

1850-களில் தொடங்கிய பம்பாய் ஆலைகள் நெடுங்காலம் பகலொளியை நம்பியே ஓடின. பஞ்சுத்தூசி பறக்கும் கூடத்தில் தீச்சுடரை ஏற்றி இரவில் வேலை வாங்குவது ஆபத்தும் செலவும் மிக்கது. எனவே ஞாயிறு எழுவது முதல் மறைவது வரை என்பதே வேலைநாளின் பொது அளவாயிற்று. பம்பாயில் பகற்பொழுது டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி, ஜூனில் ஏறத்தாழ 13 மணி. இடைவேளை கழித்தாலும் கொடிய நீளந்தான். ஆயினும் அதற்கொரு வரம்பு இருந்தது, அவ்வரம்பை முதலாளியால் நீட்ட முடியாது.

1884-இல் நாராயண் மேகாஜி லோகாண்டே தொழிலாளர் கூட்டத்தைக் கூட்டி அளித்த கோரிக்கை மனுவில் இந்த வரம்பின் சுவடு தெளிவாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு ஆகியவற்றுடன், வேலை காலை 6.30-க்குத் தொடங்கிச் சூரியன் மறையும்போது முடியவேண்டும் என்றும் அம்மனு கேட்டது. காலைக்குக் கடிகாரம், மாலைக்குக் கதிரவன்! இது கவனக்குறைவான சொல்லாட்சி எனத் தோன்றலாம். ஆனால் குளிர்காலத்தில், அன்றைய பம்பாய் உள்ளூர் நேரப்படி, 6.30 என்பது ஏறக்குறைய ஞாயிறு எழும் நேரமே. ஆண்டு முழுவதும் இருளில் ஆலைவாயிலை அடையவேண்டிய நிலையைத் தவிர்க்கும் கணக்கு அதில் இருக்கிறது.

1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு 11 மணி, சிறார்க்கு 7 மணி என வரையறுத்தது. வயதுவந்த ஆண்களைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. அவர்களுக்குக் காவலாக எஞ்சியது இருட்டு மட்டுமே. 1904, 1905 ஆண்டுகளில் துணிச்சந்தை செழித்தபோது ஆலைகளில் மின்விளக்கு பரவலாயிற்று. அந்தக் காவலும் போயிற்று. வேலைநாள் 14, 15 மணி வரை நீண்டது. சொந்தமாகக் கடிகாரம் இல்லாத தொழிலாளர் குடியிருப்புகளில் ஆலைச்சங்கே பொழுது காட்டியது. அதன் முதல் ஒலி விடியலுக்கு முன்பே எழுந்தது. 1905-இல் தொழிலாளர்கள் இந்நீட்சியை எதிர்த்துக் கிளர்ந்தனர்.

இச்சூழலில்தான் 1906 ஜனவரி 1 அன்று இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. பம்பாய் உள்ளூர் நேரத்தைவிட அது 39 நிமிடம் முந்தியது. கடிகாரத்தில் அதே மணிக்கு ஆலை திறந்தால், கதிரவனின் கணக்கில் தொழிலாளி 39 நிமிடம் முன்னதாக எழவேண்டும். அதே மாதம் ஆலைத் தொழிலாளர்கள் புதிய நேரத்தை ஏற்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். நகரப் பெருமக்கள் நடத்திய ‘பம்பாய் நேரம்’ குறித்த வாதங்கள் ஆவணங்களில் விரிவாக உள்ளன. உறக்கத்தில் 39 நிமிடத்தை இழந்தவர்களின் தரப்பு அந்த விரிவோடு பதிவாகவில்லை.

அரசு 1906-இல் ஃபிரீர்-ஸ்மித் குழுவையும், அடுத்து ஆலைத் தொழிலாளர் ஆணையத்தையும் அமைத்தது. 1908-இல் ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர் ஆண்களின் வேலைநேரத்தை நேரடியாக வரையறுக்கத் தயங்கினர். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் டி.எம். நாயர் தனியே மாற்றுக் குறிப்பு எழுதினார். பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராகவே நினைவுகூரப்படும் அவரது பொதுவாழ்வில் இப்பகுதி உரிய கவனம் பெறவில்லை. 1911-ஆம் ஆண்டின் சட்டம் இறுதியில் நெசவாலைகளில் ஆண்களுக்கு 12 மணி என எல்லை வகுத்தது. பழைய பகற்பொழுதின் சராசரியும் ஏறத்தாழ அதுவே. கதிரவன் இட்டிருந்த வரம்பைச் சட்டம் எண்ணாக மாற்றி எழுதியது எனலாம்.

ஒளிக்கும் உறக்கத்துக்கும் இடையிலுள்ள உடலியல் தொடர்பு விளங்கியது மிகப் பின்னர். 1980-இல் ஆல்ஃபிரட் லூயியும் உடன் ஆய்வாளர்களும், இரவில் 2500 லக்ஸ் அளவிலான ஒளி மனித உடலில் மெலட்டோனின் சுரப்பை அடக்குவதைக் காட்டினர். 2001-இல் இவ்விளைவு 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதி எனத் தெரிந்தது. மறு ஆண்டே விழித்திரையில், காட்சிக்கெனப் பயன்படும் செல்களுக்கு அப்பால், ஒளியை நேரடியாக உணரும் நரம்புச் செல்கள் அறியப்பட்டன. மாலையொளி உடற்கடிகாரத்தைப் பின்தள்ளும், விடியலொளி முன்னிழுக்கும். நிறத்தை மாற்றவல்ல எல்.இ.டி. மலிவானதும் இவ்வறிவு வணிகப் பொருளாயிற்று. 2012-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ‘ஹ்யூ’ வந்தது, பிறவும் தொடர்ந்தன.

இவ்வறிவியலில் மதுரைக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் அருகிலுள்ள குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தனர். மாலையில் அவை குகைவாயில் வரை பறந்துவந்து, வெளியே இருட்டிவிட்டதா என ஒளியைச் ‘சுவைத்து’த் திரும்பும். ஒளியே எட்டாத உட்பகுதியில் அடைத்துவைத்த வௌவாலும், சுற்றிலும் கூட்டம் இருந்தால், அக்கூட்டத்தின் போக்குவரத்தைக் கொண்டே தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டதை 1978-இல் அவர்கள் வெளியிட்டனர். துணையற்ற வௌவாலின் கடிகாரம் தன் போக்கில் நழுவியது. பொழுதை அறிவிப்பது ஒளி மட்டும் என்ற எளிய நம்பிக்கைக்கு இது நல்ல மாற்று. படுக்கையோர விளக்கின் விளம்பரமோ தனியறையில் தனியே உறங்கும் ஒருவரையே எப்போதும் காட்டுகிறது.

இன்றைய அறிவைக் கொண்டு 1905-ஐ வாசிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. அன்றைய ஆலைவிளக்குகளின் ஒளி மெலட்டோனினை எவ்வளவு பாதித்திருக்கும் எனக் கணக்கிடுவது வீண்வேலை. நான்கு மணிக்கு எழுந்து இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பியவர் இழந்தது முதற்கண் நேரத்தை. விளக்கின் நிறத்தை எப்படித் திருத்தினாலும் அந்நேரம் கிடைத்திராது. இவ்வேறுபாடு இன்றும் பொருந்தும். விழித்தெழும்போது உண்டாகும் மந்தத்தைச் செயற்கை விடியல் ஓரளவு குறைக்கலாம். ஏழெட்டு மணிநேர உறக்கத்துக்கு இடமுள்ள வாழ்வில்தான் அப்பயன் தெரியும்.

குருகிராமிலோ பெங்களூருவிலோ அமெரிக்கப் பகலுக்காக இரவெல்லாம் பணியாற்றுவோர் இவ்விளக்கைத் தலைகீழாகவே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டு அறைக்குள் அந்தியை வரவழைப்பர். அவர்களின் வைகறை மாலை நான்கு மணிக்குத் தொடங்கும்; திரைக்கு வெளியே மேற்கு வெயில் இன்னும் இறங்கியிருக்காது.