கார் கூரையில் ஒரு ஃப்ரீசர்

1988 ஜனவரியில் ஹங்கேரிக்காரர்களுக்கு 'உலகப் பாஸ்போர்ட்' கிடைத்தது. இனி மேற்கு நாடுகளுக்கும் போகலாம். குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்தது வியன்னாவின் மரியாஹில்ஃபர் கடைத்தெருவுக்கு. அந்த வருஷம் நவம்பர் 7, ரஷ்யப் புரட்சி நாள். கம்யூனிஸ்ட் அரசு விட்ட லீவில் சனங்கள் முதலாளித்துவக் கடைகளை மொய்த்தார்கள். திரும்பிவந்த லாடா, டிராபன்ட் கார்களின் கூரையில் கோரென்யே ஃப்ரீசர்கள். வேடிக்கை என்னன்னா, கோரென்யே மேற்கத்திய கம்பெனியே இல்லை. பக்கத்து சோஷலிச நாடான யூகோஸ்லாவியாவுடையது. உள்ளூரில் கிடைக்காத சரக்குக்கு வியன்னா வரை ஓட வேண்டியிருந்தது.

1989இல் எல்லை வேலியைப் பிரித்தார்கள். அதன்பின் எதிர்த்திசைக் கூட்டம் பெருகியது. ஆஸ்திரியக் குடும்பங்கள் ஷோப்ரோனுக்கும் மொஷொன்மாட்யாரோவாருக்கும் வந்தன: பல் கட்ட, மூக்குக்கண்ணாடி வாங்க, முடி வெட்ட. சின்ன ஊர்களில் பல் கிளினிக்குகள் வரிசையாக முளைத்தன.

இரண்டுமே உல்லாசப் பயணம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஹங்கேரிக்காரர் போனது தன் நாட்டில் பொருள் இல்லாததால். ஆஸ்திரியர் வருவது ஹங்கேரியில் கூலி குறைவு என்பதால். அந்தப் பல் டாக்டருக்கும் அவருடைய நர்ஸுக்கும் வியன்னாச் சம்பளம் கிடைக்கிற நாளில், இந்தப் பயணமும் நின்றுபோகும்.