விழுப்புரம் டு திண்டிவனம்: விமானத்தில் நாலு நிமிஷம்?

இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் விமான தூரமும் பறக்கும் நேரமும் சொல்கிற இணையப் பக்கங்கள் இருக்கின்றன. ஊரில் விமான நிலையம் இருக்கா இல்லையா என்பதெல்லாம் அதுக்குக் கவலை இல்லை. விழுப்புரம், திண்டிவனம் என்று போட்டாலும் ஒரு கணக்கு வரும். நாமே போட்டுப் பார்ப்போமே. நேர்கோட்டில் சுமார் 36 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஏடிஆர் விமானத்துக்கு நாலரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த வேகத்தை எட்டுவதற்குள் மயிலம் போய்விடும், இறங்க ஆரம்பிக்கணும்!

ரயில் பாதையைப் பாருங்கள். எழும்பூரிலிருந்து திண்டிவனம் 122 கி.மீ., விழுப்புரம் 159 கி.மீ. இடையில் 37. அதாவது 19-ஆம் நூற்றாண்டில் தண்டவாளம் போட்டவர்கள் கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே போட்டிருக்கிறார்கள். விமானம் மிச்சப்படுத்தப் போவது ஒரு கிலோமீட்டர்தான்.

குறைந்த தூர விமானமே வீண் என்று சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுக்கு நடுவே 1967 முதல் விமானம் ஓடுகிறது. தூரம் மூணு கிலோமீட்டருக்கும் குறைவு, பயணம் இரண்டு நிமிஷம்தான். ஆனால் அங்கே நடுவில் கடல் இருக்கு. நமக்கு நடுவில் இருப்பது விக்கிரவாண்டி.

சரி, இந்தப் பக்கம் விமானமே வந்ததில்லையா? வந்திருக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் உளுந்தூர்பேட்டையில் ஓடுதளம் போட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் விமானப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதுவும் அந்தப் பக்கம் போய்விட்டது.

அப்புறம் வாயுதூத். 1981-ல் முதலில் வடகிழக்கு ஊர்களுக்காக ஆரம்பித்த அரசு நிறுவனம். பிறகு 19 பேர் உட்காரும் டோர்னியர் விமானங்களோடு நெய்வேலி, புதுச்சேரி வரை வந்தது. சென்னையிலிருந்து நெய்வேலி நேர்கோட்டில் 170 கி.மீ. போல, புதுச்சேரி 120 கி.மீ. மீனம்பாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்து காத்திருக்கும் நேரத்தில் பஸ் மேல்மருவத்தூர் தாண்டியிருக்கும். வாயுதூத் 90-களில் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்துபோனது.

புதுச்சேரியின் லாஸ்பேட்டை நிலையம்தான் இன்று நமக்கு மிக அருகில் இருப்பது. வரைபடத்தில் விழுப்புரம், திண்டிவனம், லாஸ்பேட்டை மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 35 கி.மீ. உள்ள முக்கோணம் வரும். (நான் ஸ்கேல் வைத்துப் பார்த்து அசந்துபோனேன்.) அங்கே 2013-ல் பெங்களூருக்கு விமானம் வந்தது, நின்றது. 2017-ல் உடான் திட்டத்தில் ஹைதராபாத்துக்கு வந்தது, அதுவும் பின்னால் நின்றது. 2024 டிசம்பரில் இரண்டு ஊருக்கும் மறுபடி ஆரம்பித்தது. வருகிறது எல்லாம் ஏடிஆர்தான். காரணம், ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்காது.

நீட்டலாமே என்றால் அங்கேதான் சிக்கல். பக்கத்து நிலம் தமிழ்நாட்டில், அதுவும் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கு. புதுச்சேரி அரசு பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு விமான நிலையம் வேணும் என்று ஆசைப்படுகிறவர்கள் திண்டிவனத்தையோ விழுப்புரத்தையோ பார்க்க வேண்டாம், இந்த வானூர் நிலத்தைப் பார்க்கணும். விமானம் பக்கத்து ஊர் பெயரில் இறங்கும், கொடுக்க வேண்டிய மண் இந்தப் பக்கத்துக்காரர்களுடையது. அந்த நிலத்துக்கு என்ன விலை, யாருக்கு என்ன ஈடு என்பதைத்தான் முதலில் பேசணும். நாலு நிமிஷக் கணக்கை அப்புறம் போடலாம்.