காட்மன் கேட்ட கேள்வி

எக்ஸ்ரே அறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ படம் எடுத்தேன்; ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பதினைந்து வயதுப் பையன். பந்து விளையாடியதில் முழங்காலில் அடி என்று மூன்று மாதம் எண்ணெய் தடவி நாட்டுக்கட்டு போட்டிருந்தார்கள். "ராத்திரியிலதான் சார் வலி ஜாஸ்தி" என்றார் அவன் அம்மா. ஈரம் காயாத படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். தொடை எலும்பின் கீழ்முனை ஓரத்தில் சின்னதாய் ஒரு முக்கோணம். டாக்டர் பார்த்துவிட்டு, "காட்மன் முக்கோணம்" என்று மெல்லச் சொன்னார்.

எலும்பைச் சுற்றியுள்ள சவ்வைக் கட்டி வேகமாகத் தள்ளும்போது, ஓரத்தில் புது எலும்பு உண்டாகி அப்படித் தெரியும். சீழ் பிடித்தாலும் சில சமயம் வரும். அதனால் சதையெடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

யார் இந்த காட்மன் என்று பிறகு தேடிப் படித்தேன். எர்னஸ்ட் அமோரி காட்மன், அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர். அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியும் பிறகு என்ன ஆனார் என்று மருத்துவமனை விசாரிக்க வேண்டும், தவறு நடந்திருந்தால் அதையும் வெளியே சொல்ல வேண்டும் என்பது அவர் பிடிவாதம். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்குமா? 1915-ல் ஒரு கூட்டத்தில் அவர்களைக் கேலி செய்து படம் வேறு காட்டினார். பலர் ஒதுக்கிவிட்டார்கள்.

அவர் விடவில்லை. எலும்புப் புற்று அபூர்வம். ஒரு மருத்துவர் ஆயுள் முழுக்கப் பார்ப்பதே சில பேரைத்தான். அனுபவம் எங்கிருந்து வரும்? 1920-ல் எலும்புப் புற்றுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார். எக்ஸ்ரே, கண்ணாடிச் சில்லில் வைத்த திசு, நோயாளியின் கதி எல்லாவற்றையும் பல ஊர் மருத்துவர்களிடம் கேட்டு வாங்கினார். நியூயார்க்கின் ஜேம்ஸ் யூயிங், பால்டிமோரின் பிளட்குட் ஆகியோரும் அவற்றைப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். 1921-ல் யூயிங் தனியே பிரித்துக் காட்டிய கட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். எக்ஸ்ரே நிபுணர், திசு நிபுணர், அறுவை மருத்துவர் மூவரும் கலந்து பேசித்தான் இந்த நோய்க்குப் பெயர் வைக்க வேண்டும் என்ற பழக்கம் வேரூன்றியதில் அந்தப் பதிவேட்டுக்குப் பங்கு உண்டு.

காட்மன் 1940-ல் காலமானார். கல்லறைக்குப் பெயர்க்கல் வந்தது 2014-ல்தான்.

அந்தப் பையனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிறகு என்ன ஆனான்? நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான். காட்மன் கேட்கச் சொன்னது அந்த ஒரு கேள்வியைத்தானே!

பேரன் பேத்தி முழங்கால் வலி என்று வாரக்கணக்கில் சொன்னால், அதுவும் ராத்திரியில் என்றால், எண்ணெய் தடவிக் காத்திருக்காதீர்கள். ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.